செமிகோலனை மாற்றாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கீழே ஒற்றை வரி: ‘மாமா, இதைப் புதுசு மாதிரி ஆக்க முடியுமா?’ அங்கேயே ‘முடியாது’ என்று பதில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் நீ அதோடு நிற்கிற ஆளா? யூடியூபில் எவனாவது ஒருவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவாய். அந்தப் பயத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி. பாதி படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிற பழக்கம் உனக்கு உண்டு; எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு, உன் அப்பாவின் டி.டி.பி. கடையில் அத்தனை வருஷம் அடி வாங்கிய கீபோர்டு அது. புதுசாக ஆகாது. ஆனால் புதுசாக இருந்தபோது செய்த வேலையை இன்றும் செய்யும். நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘இதில் எது அழுக்கு, எது பழுது, எது வெறும் தேய்மானம்?’ என்பது. அழுக்கைக் கழுவலாம். பழுதைச் சரிசெய்யலாம். தேய்மானத்தின் மேல் கைவைக்கப் போனால் முதல் இரண்டையும் சேர்த்துக் கெடுப்பாய்.

‘அமேசானில் ஐநூறு ரூபாய்க்குப் புதுசே வருது, எதுக்குடா இந்தப் பாடு?’ என்று இதற்குள் உன் அம்மா கேட்டிருப்பாள். என் அக்காவை எனக்குத் தெரியாதா? அவள் சொல்வது அந்த ஐநூறு ரூபாய்ச் சாமானுக்குப் பொருந்தும். அதற்குள் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் தாளும் ரப்பர்க் குமிழ்களும்தான். உன் படத்தில் இருப்பது டி.வி.எஸ். கோல்டு. வங்கிக் கவுன்டர்களிலும் டி.டி.பி. கடைகளிலும் டிக்டிக் டிக்டிக் என்று ஊருக்கே கேட்குமே, அது. அதில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனியாக ஒரு ஸ்விட்ச். பழைய கோல்டுகளில் இருந்தவை ஜெர்மனியின் செர்ரி கம்பெனி ஸ்விட்சுகள், நீலத் தண்டு உள்ளவை. பிறகு கீயைக் கழற்றும்போது பார், ஸ்விட்சின் தலையில் கம்பெனிப் பெயர் பொறித்திருக்கும். அந்த வகை ஸ்விட்சுக்கு அவர்கள் சொல்லும் ஆயுள் 5 கோடித் தட்டல். ஒரே கீயை நாளைக்கு 5,000 தடவை தட்டினாலும் 10,000 நாள் வரும். அதாவது 27 வருஷம். உன் அப்பா என்னதான் கல்யாணப் பத்திரிகையாக அடித்துத் தள்ளியிருந்தாலும் அதில் இன்னும் உயிர் மிச்சமிருக்கும்.

முதலில் கீபோர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார். கழற்றாதே, பார் என்றுதான் சொன்னேன். ஸ்பேஸ் பார் முழுவதும் பளபளக்காது. வலது கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்த கைக்கு அது அடையாளம். அங்கே ஸ்பேஸுக்கு வலது கட்டைவிரல்தான் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இரும்பு மெஷினில் பழகிய விரலாகையால் கம்ப்யூட்டரிலும் அதே பலத்தோடுதான் விழும். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய டி.டி.பி. ஆட்கள் எல்லோரும் கீபோர்டை அடிப்பவர்கள். உன்னைப் போலத் தடவுகிறவர்கள் இல்லை.

அப்புறம் செமிகோலன் கீயைப் பார். எழுத்தே இல்லாமல் மொட்டையாக இருக்கிறதல்லவா? ‘இங்கிலீஷில் செமிகோலனை யார் மாமா இவ்வளவு அடிப்பாங்க?’ என்று கேட்பாய். யாரும் அடிக்கமாட்டார்கள். உன் அப்பா அடித்தது பாமினி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ, கடைசியில் செமிகோலன் என்று தட்ட வேண்டும். அந்தச் செமிகோலன்தான் புள்ளி. தமிழில் புள்ளி வைக்காமல் ஒரு வரி எழுதிப் பார், தெரியும். அவர் அடித்த ஒவ்வொரு க்-கும் ச்-சும் ன்-னும் அந்த ஒரு கீயின் தலையில்தான் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் எச் கீயும் தேய்ந்திருக்கும். பாமினியில் அதுதான் கால். இதே கடையில் தமிழ்99 அடித்த ஆள் இருந்திருந்தால் தேய்மானம் இடம் மாறியிருக்கும். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த முறையில் உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளி இருப்பது எஃப் கீயில். அதுவும் ‘அக்கா’ போன்ற சொற்களில் ‘க’வை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். எனவே எஃப் இவ்வளவு அடி வாங்கியிருக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாத் தமிழ்த் தட்டச்சு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து விரலுக்கு வேலை பிரித்துக் கொடுத்ததுதான். 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா, 247 எழுத்தை ஒரு டைப்ரைட்டருக்குள் அடக்க என்ன செய்தார் தெரியுமா? தட்டினாலும் வண்டி நகராத கீகளை வைத்தார். குறி விழும், தாள் நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். அந்த வழியில் பழகிய கைகள்தான் பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தன. ஆகவே அந்தச் செமிகோலன் கீயை மாற்றாதே. அதில் பழுது எதுவும் இல்லை. எழுத்து அழிந்தது உனக்குத்தான் குறை. உன் அப்பாவின் சுண்டுவிரல் அதைப் பார்த்து அடித்ததே இல்லை.

சரி, அழுக்குக்கு வருவோம். தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்கப் போகிறாய். தண்ணீரில் விளக்கெரிந்த கருங்குழி ஒன்று உண்டு. அது வடலூர்ப் பக்கம், வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி. நீ இருப்பது மதுராந்தகத்துப் பக்கத்துக் கருங்குழி; இங்கே தண்ணீர் பட்டால் விளக்கு அணைந்துதான் போகும். கீகளின் மூடிகளை மட்டும் கழற்றிக் கழுவு. போர்டின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது.

கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரை அணை. ஊதா நிற வட்டப் பிளக் இருந்தால் அது பி.எஸ்.2. யூ.எஸ்.பி. மாதிரி ஓடும்போதே பிடுங்கிச் சொருக அது தோதுப்படாது. கம்ப்யூட்டரின் போர்டையே பதம்பார்த்துவிடும். அணைத்தாயா? இப்போது கீபோர்டை நேர்மேலே இருந்து ஒரு போட்டோ எடு. ‘எனக்கு இடம் மனப்பாடம் மாமா’ என்காதே. எழுத்துகளின் இடம் தெரியும், சரி. இன்சர்ட், ஹோம், பேஜ் அப் எந்த வரிசையில் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல் பார்ப்போம்.

ஸ்க்ரூ டிரைவரை ஒரு பக்கம் விட்டு நெம்பாதே. மூடி சாய்ந்து வந்தால் ஸ்விட்சின் மேலே நிற்கிற சிலுவை வடிவத் தண்டு முறியும். அது முறிந்தால் ஸ்விட்சையே மாற்ற வேண்டும். பேப்பர் கிளிப் இரண்டை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, மூடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி நேராக மேலே இழு. கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் ஆகியவற்றின் அடியில் ஒரு கம்பி இருக்கும். நீளமான கீயின் ஒரு ஓரத்தைத் தட்டினாலும் முழுக் கீயும் சமமாக இறங்குவது அந்தக் கம்பியால்தான். பொறுமை இல்லாதவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கம்பி எந்தக் கொக்கியில் எப்படி மாட்டியிருக்கிறது என்று கிட்டத்தில் இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு கழற்று. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்துக் கடைகளில் கடல் உப்புக் காற்றுக்கு முதலில் துருப்பிடிப்பதும் இந்தக் கம்பிதான். உன்னுடையதில் லேசாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிடு.

மூடிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் துணி துவைக்கிற பவுடர் போட்டு ஊற வை. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிப்போகும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வடிதட்டில் போட்டு அலசு. பாத்ரூம் குழாயடியில் அலசினால் எஸ்கேப் கீ நிஜமாகவே எஸ்கேப் ஆகிவிடும். கடையில் வாங்கி ஒட்டிய தமிழ் ஸ்டிக்கர் பசை பிசுபிசுவென்று நின்றால் அதன் மேல் தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடு, பசை இளகி வரும். பிறகு மறுபடி சோப்பு. தேங்காயெண்ணெய்க்கு இந்த வேலையில் இடம் இது ஒன்றுதான். இறுகிய கீக்கு எண்ணெய் விடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் வெண்ணெய் மாதிரி இறங்கும். அடுத்த மாதம் ரோட்டுப் புழுதி முழுக்க அந்த எண்ணெயில் வந்து உட்காரும். ஸ்ப்ரே டப்பாவில் வருகிற துரு எண்ணெய்க்கும் இதே கதைதான்.

கழுவிய மூடிகளை ஓட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி துணியில் பரப்பி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய விடு. ஐப்பசி, கார்த்திகை என்றால் இரண்டு நாள். செல்போனை அரிசியில் புதைக்கிறார்களே, அந்த வித்தையை இங்கே காட்டாதே. அரிசி ஈரத்தை உறிஞ்சுவதைவிடத் தவிட்டைப் பூசுவதில்தான் கெட்டிக்காரன்.

மூடிகள் காயும் நேரத்தில் போர்டைக் கவனி. தலைகீழாகப் பிடித்துத் தட்டு. என்னென்ன விழுகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். மிக்சர், முடி, கொசு எல்லாம் விழும். பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில் பெருக்கு. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்து ஆபீஸ்களில் இருந்து வரும் கீபோர்டு என்றால் இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுவேன். கருங்கல் தூள் ஸ்விட்சுக்குள் போனால் அரம் மாதிரி அறுக்கும். உனக்கு வெறும் மண்தான், பிழைத்தாய்.

இனிப் பழுது. நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாகத் தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுகிறதா, அல்லது ஓங்கித் தட்டினால்தான் விழுகிறதா? அந்த ஸ்விட்சுக்குள் உலோகத் தகடு தொடுகிற இடத்தில் அழுக்குப் படிந்திருக்கலாம். மறுபடி கம்ப்யூட்டரை அணைத்து, கீபோர்டின் வயரைப் பிடுங்கிவிட்டு, தண்டை அமுக்கிப் பிடித்தபடி பக்கவாட்டில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விட்டு, சலிக்கச் சலிக்க மேலும் கீழும் தட்டு. சென்னை ரிச்சி தெருவில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். மேல்மருவத்தூர் வண்டியைப் பிடித்து எழும்பூரில் இறங்கினால் அங்கிருந்து பக்கம்தான். ‘வீட்டில் கொரோனா காலத்துச் சானிடைசர் இருக்கே, அதுவும் ஆல்கஹால்தானே?’ என்று கேட்பாய் என்று தெரியும். அதில் கை வறளாமலிருக்கக் கிளிசரின் சேர்த்திருக்கிறார்கள். உன் ஸ்விட்சுக்கு வறட்சிதான் வேண்டும், மாப்ளே.

இதற்கும் மசியாத ஸ்விட்ச் ஒன்றிரண்டு இருக்கலாம். அதற்குச் சால்டரிங் தெரிய வேண்டும். ஒரு ஸ்விட்சுக்கு இரண்டு கால். ஈயத்தை இளக்கி, சக்கரால் உறிஞ்சி எடுத்து, வேறு ஸ்விட்ச் வைக்க வேண்டும். உனக்குத் தெரியாது என்றால் தெரிந்தவரிடம் கொடு. செலவில்லாமல் முடிக்க ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. ஸ்க்ரோல் லாக் கீயை இந்த ஜென்மத்தில் யாரும் தொட்டதில்லை. அதன் ஸ்விட்சை எடுத்துக் கெட்டுப்போன இடத்தில் வைக்கச் சொல்.

ஒரு கீ அல்லாமல் ஒரு வரிசையே செத்துப்போனால் ஸ்விட்சைத் திட்டாதே. கோளாறு போர்டின் செம்புக் கோட்டிலோ வயரிலோ இருக்கும். அந்த ஐநூறு ரூபாய் வகையில் இது அடிக்கடி நடக்கும். உள்ளே பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையாலோ கரி மையாலோ கோடு இழுத்திருப்பார்கள். டீ கொட்டினால் அந்தக் கோடு அரித்துப்போகும். உன் சிநேகிதர்கள் அதையும் உன்னிடம் கொண்டுவருவார்கள், நிச்சயம். தாள்களைப் பிரித்து ஐ.பி.ஏ. தொட்ட துணியால் ஒற்றித் துடைத்து, கோடும் சர்க்யூட் போர்டும் தொடுகிற இடத்தைச் சுத்தம் செய். ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைத் தேடாமல் பெட்டியை நெம்பி உடைக்காதே. கோடு அறுந்தே போயிருந்தால் மின்சாரம் கடத்தும் வெள்ளி மை வாங்கித் தொடலாம். ஆனால் அந்த மை விலைக்குப் புதுக் கீபோர்டே வந்துவிடும். இங்கே என் அக்கா ஜெயித்தாள் என்று சொல்லிவிடு.

கடைசியாகத் தேய்மானம். பளபளப்பை எடுக்க முடியுமா என்றால் முடியாது. அந்த மினுமினுப்பு அழுக்கில்லை. ஏ.பி.எஸ். என்கிற பிளாஸ்டிக்கின் சொரசொரப்பை விரல்கள் மழித்திருக்கின்றன, அவ்வளவுதான். போன பிளாஸ்டிக்கை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது. நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அதில் அசிட்டோன் இருந்தால் ஏ.பி.எஸ். கரைந்தே போகும், தின்னரும் அப்படித்தான். நெயில் பாலிஷால் எழுத்து எழுதுவதும் வேண்டாம், அதன் கரைப்பானும் பிளாஸ்டிக்கைத் தின்னும். மார்க்கர் பேனா இரண்டு நாளில் உன் விரலுக்கு வந்துவிடும்.

மஞ்சள் பூத்திருக்கிற வெளிச்சட்டத்துக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் 2008 வாக்கில் பிரபலப்படுத்தியது: ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பூசிப் புற ஊதா ஒளியில் காட்டுவது. மருந்துக் கடையில் பெராக்ஸைடு கிடைக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வெயிலுக்கோ பஞ்சமில்லை. ஆனாலும் செய்யாதே என்பேன். சமமாகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும், கையில் பட்டால் எரியும், எழுத்துகள் மங்கலாம். பாடுபட்டு வெளுத்த பிறகு மஞ்சள் மெல்லத் திரும்பியும் வரும். நீ கேட்கமாட்டாய் என்பதால் சொல்கிறேன்: கையுறை போட்டுக்கொள், சட்டத்தின் அடிப்பக்கத்தில் முதலில் சோதித்துப் பார், எழுத்துள்ள மூடிகளுக்குப் பூசாதே.

‘எழுத்தே இல்லாத கீயில் நான் எப்படி மாமா அடிப்பேன்?’ என்கிறாயா? எஃப்-இலும் ஜே-யிலும் சின்ன மேடு இருக்கிறது, தடவிப் பார். இரண்டு ஆள்காட்டி விரலும் அங்கே உட்கார்ந்துவிட்டால் மற்ற விரல்களுக்கு வீடு தெரியும். மூடிகளைத் திரும்ப மாட்டும்போது அந்த இரண்டையும் இடம் மாற்றிவிடாதே. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பக்கம் அடிக்கச் சொல். எந்தக் கீ திக்குகிறது என்று நோட்பேடு காட்டுவதற்கு முன் அவர் விரல் சொல்லிவிடும். அதைக் குறித்துக்கொண்டு அந்த ஸ்விட்சுகளுக்கு மட்டும் இன்னொரு சொட்டு விடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா

பி.கு.: புதுக் கம்ப்யூட்டரில் ஊதா வட்டப் பிளக்குக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. வெறும் பிளக் வடிவத்தை மாற்றுகிற மலிவு அடாப்டர் எல்லாக் கீபோர்டுக்கும் வேலை செய்யாது. உள்ளே சின்னச் சிப் வைத்த பி.எஸ்.2 - யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் என்று தெளிவாகக் கேட்டு வாங்கு. ரிச்சி தெருவுக்குப் போகிற அன்று முன்கூட்டியே சொல். என் மவுஸுக்கும் ஒன்று வேண்டும். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் நின்றால் அதைப் பேனா ஸ்டாண்டில் போட்டு மறைக்காமல், மறுபடி கழற்று.